1615ஐ மறந்த கொழும்பு

இலங்கையில் பூமியதிர்ச்சி நிகழாது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. வரலாறு வேறு சான்று பகர்கின்றது. 1615 ஏப்ரல் 14ஆந் திகதி கொழும்பை உலுக்கிய அதிர்ச்சியில் 200 வீடுகள் இடிந்தன, 2,000 பேர் மாண்டனர் என்கின்றது போர்த்துக்கேயர் காலக் குறிப்பு. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பிளந்தது. ஆழிப்பேரலை இங்கே 30,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. கிழக்குக் கரையோர வயல்களும் கிணறுகளும் உவராயின.

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடிகள் நெருங்கி எழுகின்றன. வாழ்நாள் உழைப்பையும் ஊர்க்காணி விற்ற பணத்தையும் கொடுத்து அவற்றை வாங்குவோர் எம்மவர். அவை அதிர்ச்சியைத் தாங்குமா என நாம் கேட்கின்றோம். பொறியியலாளரின் அத்தாட்சியோடு விடையளிப்பது மாநகரசபையின் கடமை. பூமி அதிர்வதைத் தடுக்க எவராலும் இயலாது. வீடு இடிவதைத் தடுக்க இயலும்.