சந்தேகம் கற்றுத் தந்த பணிவு

திருப்பதி என்றால் நமக்கு மலைதான் நினைவுக்கு வரும். மலையடிவாரத்து ஊரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக லுத்தரன் சபை இருந்து வருவது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்கிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த பாதிரிமார்கள் ஆரம்பித்த பணி அது. தென் ஆந்திர லுத்தரன் திருச்சபைக்கு இன்றும் திருப்பதிதான் தலைமையிடம். வேங்கடவனின் காலடியில் வந்து பிரசங்கம் செய்ய அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அல்லது, தான் சொல்வது மட்டுமே சரி என்ற அசாத்திய நிச்சயம் வேண்டும்.

அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் 1896இல் திருத்தணியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். (திருத்தணி அப்போது வட ஆர்க்காடு ஜில்லா. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதோடு சேர்ந்து, 1960இல் தமிழகத்துக்குத் திரும்பியது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, அங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தன.) திருப்பதிக்குப் பிறகு வேலூரில் ஆற்காடு மிஷனின் வூரீஸ் கல்லூரி. 1904 முதல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஆக 12 ஆண்டுகள் கிறிஸ்தவர்களிடம் படிப்பு.

இந்து மதத்தின் மீது மிஷனரிகள் வைத்த விமர்சனம் தன்னை உலுக்கியதாகவும், தன் மதத்தில் உயிருள்ளது எது, செத்துப்போனது எது என்று ஆராயத் தூண்டியதாகவும் ராதாகிருஷ்ணன் பின்னாளில் எழுதினார். இதைப் பலரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதே கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்த ஏ. ஜி. ஹாக் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவர்தான் சுவாரஸ்யமான மனிதராகத் தெரிகிறார்.

ஹாக் மிஷனரி குடும்பத்துப் பிள்ளை. 1875இல் எகிப்தில் பிறந்தவர். எடின்பரோவில் படிக்கும்போது அவருடைய விசுவாசம் ஆட்டம் கண்டது. பெற்றோரின் கடவுளைத் தன்னால் நம்ப முடிகிறதா என்றே தெரியாத நிலை. போதகர் படிப்பைப் பாதியில் விட்டார். நம்பாததை நம்புவதாகச் சொல்லிப் பட்டம் வாங்கும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை. மெல்ல மெல்ல நம்பிக்கை திரும்பியது. ஆனால் பழைய உருவத்தில் அல்ல. யாக்கோபு இரவெல்லாம் போராடி ஆசீர்வாதம் பெற்ற கதையில், விடிந்ததும் அவன் தொடைச்சந்து சுளுக்கி நொண்டியபடிதான் நடக்கிறான். ஹாக் 1903இல் சென்னைக்கு வந்தது ஏறக்குறைய அப்படித்தான். அப்போது அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்ல, வெறும் ஆசிரியர்.

தான் தடுமாறிய மனிதன் என்பதை மறக்காதவருக்கு அடுத்தவரின் நம்பிக்கையைக் கேலி செய்வது சுலபமில்லை. வந்த இரண்டு வருஷத்துக்குள் கல்லூரி இதழில் கர்மம் பற்றியும் மீட்பு பற்றியும் கட்டுரைகள் எழுதினார். 1909இல் அவை புத்தகமாயின. கர்மக் கொள்கையை எளிதில் அடித்து வீழ்த்தத்தக்க பொம்மையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் நியாயம் எத்தனை உறுதியானது என்று பார்த்துவிட்டுத்தான் தான் வேறுபடும் இடத்தைச் சொன்னார்.

சோதனை 1908இல் வந்தது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக ராதாகிருஷ்ணன் எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினார். கிறிஸ்தவப் பேராசிரியரிடம் ஓர் இந்து மாணவன் தந்த மறுப்புரை அது. மாணவனுக்கு உள்ளூரப் பயம். ஹாக் என்ன செய்தார்? சிக்கலான வாதத்தைக் கையாளும் திறமை இவனிடம் இருக்கிறது என்று பாராட்டிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். தோற்றுவிடுவோமோ என்று நடுங்குகிற விசுவாசத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

பணிவு என்றால் வளைந்து கொடுப்பது என்று நினைப்பவர்கள் 1938 டிசம்பரைப் பார்க்க வேண்டும். தாம்பரத்தில், ஹாக் முதல்வராக இருந்த அதே கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. கிறிஸ்தவ வெளிப்பாட்டுக்கும் பிற மதங்களுக்கும் இடையே தொடர்ச்சியே கிடையாது என்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் கனமான நூலே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஹாக் எழுந்து மறுத்தார். மதங்கள் வேறு, ஒரு மனிதன் கடவுளை நம்பி வாழும் வாழ்வு வேறு. இந்துவிடம் அந்த வாழ்வைக் காணும்போது கிறிஸ்தவன் அதற்குத் தலைவணங்க வேண்டும் என்பது அவர் கட்சி. கிறிஸ்துவை விட்டுக்கொடுத்து அவர் இதைப் பேசவில்லை. அந்த மாநாட்டில் மவுசு கிரேமருக்குத்தான்.

திருமலையில் பிற மதப் பிரசாரத்துக்கு 2007இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் மூலம் தடை விதித்தது. எந்த இடத்தில் பேசலாம் என்பதைச் சட்டம் சொல்லும். எந்த மனத்தோடு பேசுவது என்பது பேசுகிறவர் பாடு. இன்று கிறிஸ்தவக் கூட்டங்களின் சுவரொட்டிகளில் வெற்றியும் சுகமும் விடுதலையும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. சந்தேகத்தோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறவனுக்கு அங்கே நாற்காலி போடுகிறார்களா என்று தெரியவில்லை.

ஹாக் கடைசிவரை தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. 1947இல் வந்த நூலிலும் இந்துக்களை மனத்தில் வைத்தே கிறிஸ்தவச் செய்தியை விளக்கினார். 1954இல் அவர் இறந்தபோது, தன்னை மறுத்து எழுதிய மாணவர் இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவர்.