கடலோரச் சிற்றூரின் அமைதி

நகரத்தில் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் எவரைக் கண்டாலும், கடலோரத்தில் ஓர் அமைதியான சிற்றூரிற் சென்று எஞ்சிய நாட்களைக் கழிக்க விரும்புவதாகவே கூறக் கேட்கிறோம். நம் கல்லூரிப் பழைய மாணவரிடையும் இப்பேச்சே மிகுந்திருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் யானும் இவ்வாசைக்கு விலக்கானவனல்லேன். துரைசாமி சுரங்கப்பாதையில் ஒருமுறை மாலை ஆறு மணிக்குச் சிக்கிக்கொண்டவர் என்னைக் குறைகூறார். ஆயினும் இவ்வாசை பற்றி நாம் சற்று நின்று எண்ண வேண்டுமென்பது என் கருத்து.

எங்கள் மாம்பலமும் ஒரு காலத்தில் அமைதியான கிராமமாகவே இருந்தது. இங்கு லேக் வியூ சாலை என்றொரு தெரு உண்டு. ஏரியைக் காணும் சாலை என்பது அதன் பொருள். அங்கு நின்று பார்ப்பவர்க்கு இன்று அடுக்குமாடிகளே தெரியும். இருப்புப்பாதைக்கு அப்பால் விரிந்து கிடந்த பேரேரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. வண்டி வந்தது, மக்கள் வந்தனர், பள்ளியும் கடையும் மருத்துவரும் வந்தனர், அமைதி போயிற்று. போன அமைதிக்காக அன்று எவரும் அழுததாகத் தெரியவில்லை. வந்தவற்றை எல்லோரும் மகிழ்வுடன் பெற்றுக்கொண்டனர். பெற்றவருள் எம் முன்னோரும் அடங்குவர்.

நிற்க. சென்ற தை மாதத்தில் யான் இடம் பார்க்கச் சென்றது தரங்கம்பாடிக்கு. தமிழ் நூல் அச்சேறிய வரலாற்றைப் படித்த நம் மாணவர்க்கு இவ்வூரை அறிமுகஞ்செய்ய வேண்டுவதில்லை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் இங்குக் கோட்டை கட்டினர். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அச்சுக்கூடம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கோட்டையும், அவர் 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும், டேனியர் காலத்து நகர வாயிலும் இன்றும் நிற்கின்றன. இவற்றினும் மிகப் பழையதாகிய மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டுபோயிற்று. வீதியில் நடந்தால் நம் காலடியோசை நமக்கே கேட்கிறது. பத்து நாள் தங்கினேன். பல்லாண்டு காணாத உறக்கங் கண்டேன். பழைய வீடொன்றை விலை பேசவும் துணிந்தேன்.

இவ்வமைதி எங்ஙனம் வந்தது என்னும் வினா அப்பொழுது என் மனத்தில் எழவில்லை. விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றனர். 1861-இல் ரயில் பாதை நாகப்பட்டினத்தைத் தொட்டது; வாணிகம் அப்பக்கம் போயிற்று. 1926-இல் ஒருவாறு மயிலாடுதுறையிலிருந்து கிளைப்பாதை யொன்று தரங்கம்பாடிக்கும் வந்தது. அதுவும் 1986-இல் நிறுத்தப்பட்டது. ரயிலைப் பெற்று மாம்பலம் அமைதியை இழந்தது. ரயிலை இழந்து தரங்கம்பாடி அமைதியைப் பெற்றது. பெற்றது என்னும் சொல் இங்குப் பொருந்துமா என்பதே என் ஐயம்.

சித்திரைக் கடைசியில் மீண்டும் சென்று ஒரு திங்கள் தங்கினேன். கடற்கரை தை மாதத்தினும் அமைதியாயிருந்தது. தையில் விடியுமுன்னரே படகு எஞ்சின்களின் ஓசை என்னை எழுப்பும். மீன் ஏலங் கூவுவோர் குரலும் பெண்களின் வாதமும் கேட்கும். இப்பொழுது அவை யாவும் அடங்கியிருந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் செல்லலாகாது என்பது சட்டம். மீனினம் பெருகும் பொருட்டு இட்ட நல்ல சட்டமே. யான் அதனைக் குறைகூறவில்லை. சிறு படகுகள் சில மட்டும் கரையோரத்தில் வலை வீசித் திரும்பின. விசைப்படகில் கூலிக்குப் போகும் ஆடவர் வேப்பமர நிழலில் வலையைப் பிரித்து முடிந்துகொண்டிருந்தனர். வேறு சிலர் கொத்து வேலை தேடி வெளியூர் போய்விட்டனர். யான் கடற்கரையில் உலாவி, என்ன இனிய அமைதி என்று வியந்த அந்நாட்கள் அவர்க்கு அடுப்பெரிய அரசின் நிவாரணத் தொகையை எதிர்நோக்கிய நாட்கள்.

அடுத்த வீட்டு மூதாட்டியார் ஒருவரிடம், ஊர் மிக அமைதியாயிருக்கிறதென்று புகழ்ந்து கூறினேன். அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே, "என் மக்கள் மூவரும் இங்கே இருந்தால் சத்தமாகத்தான் இருக்குமையா. ஒருவன் துபாயில், ஒருவன் திருப்பூரில், மூத்தவனைச் சுனாமி கொண்டுபோயிற்று" என்றார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் அக்கரை பட்ட பாட்டை யான் செய்தித்தாளில் மட்டுமே படித்திருந்தேன். அவருக்கு என்ன மறுமொழி கூறினேன் என்பது இப்பொழுது நினைவில்லை, ஒன்றுங் கூறியிரேன்.

அமைதியை விரும்புதல் குற்றமா என நண்பர் கேட்கலாம். அன்று. நோயுற்றார்க்கும் முதியோர்க்கும் எழுதுவோர்க்கும் அது வேண்டற்பாலதே. காற்று வாங்கச் செல்வதையும் யான் தடுக்கவில்லை. விருந்தினர் வந்தால் ஊரில் நாலு பேர்க்குப் பிழைப்பு உண்டு. என் வழக்கெல்லாம், அமைதியை விலைக்கு வாங்கி, பதினொரு திங்கள் பூட்டிவைத்து, ஒரு திங்கள் அனுபவிக்கும் வழக்கத்தோடுதான். இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் கடற்கரையில் இதன் முடிவைக் காணலாம். மீனவர் வாழ்ந்த அழகிய சிற்றூர்களிற் பிற நகரத்துச் செல்வர் விடுமுறை வீடுகளை வாங்கினர், விலை ஏறிற்று, உள்ளூர் இளைஞர் தம் ஊரிலேயே குடியிருக்க வீடு பெறாராயினர், மாரிக்காலத்திற் பல வீடுகள் விளக்கின்றி இருண்டு கிடந்தன. செயிண்ட் ஐவ்ஸ் என்னும் ஊரார் இது பொறாது, புதிதாய்க் கட்டப்படும் வீடுகள் ஆண்டு முழுதும் குடியிருப்பார்க்கே உரியனவாதல் வேண்டுமென 2016-இல் வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மையால் முடிவு செய்தனர். அவ்வூரினும் அமைதியான ஊர் வேண்டுமென்பார்க்கு அவ்விருண்ட வீடுகளே போதும்போலும்!

ஆகவே கிராமத்திற்கு வாழப் போகிறவர் அவ்வூரின் ஓசையையும் ஏற்கத் துணிந்தே போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மின்சாரம் போய்ப் புயற்கூண்டு ஏறும் இரவுகளிலும் அங்கிருக்க வேண்டும். நள்ளிரவில் நோய் கண்டால் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ ஓடவேண்டிய துன்பம் அயலார்க்கு உள்ளது போன்றே தமக்கும் வரும். அப்பொழுதுதான் அவ்வூர்க்கு மருத்துவர் வேண்டுமென்று மனு எழுத இவர் கை முந்தும். மனு எழுதத் தெரிந்தவர் நம்மிற் பலர். முப்பதாண்டு அதனையன்றி வேறென்ன செய்தோம்? மாலையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அப்பிள்ளைகள் திண்ணையில் இரைச்சலிடுவர். இடட்டும்.

யான் விலை பேசிய வீட்டை வாங்கவில்லை. அத்தெருவின் கடைசியில் ஓட்டு வீடொன்றை ஓராண்டு வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கார அம்மையார் முன்பணம், வாடகை எதனையும் பேசுமுன் கேட்ட முதற்கேள்வி, வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கும் என்பது. ஒரு மாதமும் இல்லை என்றேன். அவர் அதனை நம்பியதாகத் தோன்றவில்லை. எனினும் திறவுகோலைத் தந்துவிட்டார்.