ஆம்ப்ளிஃபயருக்கும் மூச்சு முட்டும்

நம்ம ஊர்ல ஆடியோ வாங்கப் போறவங்க கடைக்காரர்கிட்ட கேக்கற முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார்?" ரெண்டாவது, "பாஸ் நல்லா அதிருமா?" மூணாவது கேள்வின்னு ஒண்ணு கிடையாது, நேரா பேரம்தான். இந்தப் பொட்டியை வீட்டுல எங்க வைக்கப் போறோம், அது விடற சூடு எந்த வழியா வெளிய போகும்னு கேட்ட ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. கடைக்காரரும் சொல்றதில்லை. பொட்டி சீக்கிரம் போனா அடுத்த வியாபாரம் ஆகுமேன்னுதான் சொல்றதில்லைன்னு நான் எழுதினா அது அபாண்டம். அதனால எழுதல :-)

என் கட்சி இதுதான். நான் பாத்த வரைக்கும் நம்ம வீடுகள்ல ஆம்ப்ளிஃபயரைக் கொல்றது கரண்ட் ஏத்த இறக்கம் இல்லை, ஷோகேஸ். அதுக்கு மேல போத்தற பூப்போட்ட குரோஷா துணி ரெண்டாம் குற்றவாளி. துணிக்கு மேல உக்காந்திருக்கற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை விட்டுடலாம், அது பாவம், பாஸுக்கு ஏத்த மாதிரி தலையாட்டறதோட சரி.

எங்க பெரியப்பா கதையைச் சொன்னா விஷயம் புரியும். ரிட்டையர் ஆன காசுல ஒரு நல்ல ஏவி ரிசீவரும் ஸ்பீக்கர்களும் வாங்கினார். சினிமாவுக்காக இல்லை, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் மதுரை மணி ஐயர் கேக்கறதுக்காக. வீட்டுல இண்டீரியர் வேலை செஞ்சவர் டிவிக்குக் கீழ அழகா ஒரு அலமாரி அடிச்சுக் கொடுத்தார். பின்னாடி ப்ளைவுட், முன்னாடி கண்ணாடிக் கதவு, வயர் போக ரெண்டு விரல் அளவுக்கு ஓட்டை. அந்த மே மாசம் பொட்டி அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா அணைய ஆரம்பிச்சுது. பாக்க வந்த மெக்கானிக் திறந்து கூடப் பாக்காம "போர்டு போயிடுச்சு சார்"னு ஒரு தொகையைச் சொன்னார். நான் போனப்ப செஞ்சது ஒரே வேலைதான். கண்ணாடிக் கதவைத் திறந்து வச்சேன். அன்னிக்கு ராத்திரி முழுக்க அது அணையவே இல்லை. அணைஞ்சது பழுது இல்லீங்க, சூடு எல்லை தாண்டினா தன்னைக் காப்பாத்திக்க உள்ளேயே வச்சிருக்கற பாதுகாப்பு.

இது ஏன்னு கொஞ்சம் பாப்போம். வழக்கமான ஏபி வகை ஆம்ப்ளிஃபயர், பாட்டே ஓடாம சும்மா இருந்தாலும் கரண்ட் குடிக்கும். ஏவி ரிசீவர்னா சும்மா இருக்கறப்பவே 40, 50 வாட் சாதாரணம். அத்தனையும் சூடுதான். பழைய 40 வாட் குண்டு பல்பை அலமாரிக்குள்ள எரியவிட்டு கதவைச் சாத்தறதும் இதுவும் ஒண்ணு. பாட்டு ஓடினா இன்னும் அதிகம். வெளிய மெட்ராஸ் வெயில் 40 டிகிரி, ஹாலுக்குள்ள 35, அலமாரிக்குள்ள எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இதுல முதல்ல அடிபடறது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அதோட உடம்புலயே 85 டிகிரி இல்லாட்டி 105 டிகிரின்னு அச்சடிச்சிருப்பான். அந்தச் சூட்டுல இத்தனை மணி நேரம் தாங்கும்னு தயாரிக்கறவன் கணக்கு கொடுப்பான். 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்கு, 10 டிகிரி ஏறினா பாதி. இது தோராயமான கணக்குதான், ஆனா தொழில்ல எல்லாரும் நம்பற கணக்கு. 85 டிகிரியில 2000 மணி நேரம் தாங்கற ஒரு கெப்பாசிட்டரை எடுத்துக்குங்க. 65 டிகிரியில ஓடினா 8000 மணி நேரம். தினம் 5 மணி நேரம் போட்டா நாலரை வருஷம் கூட வராது. அதே சாமான் 45 டிகிரியில இருந்தா 32,000 மணி நேரம், பதினேழரை வருஷம். நடுவுல இருக்கற வித்தியாசம் ஒரு ப்ளைவுட் பலகைங்க. அவ்வளவுதான்.

சரி, கதவைத் திறந்து வச்சாச்சு, முடிஞ்சுதான்னா இல்லை. பெரியம்மாவுக்கு அது பிடிக்கல. வர்றவங்க போறவங்க பாத்தா அசிங்கமா இருக்காம். உடனே பக்கத்து வீட்டுப் பையன் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு சின்ன ஃபேனைக் கழட்டி உள்ள மாட்டிவிட்டுப் போனான். சூடு போச்சு, நிம்மதியும் போச்சு. 80 மில்லிமீட்டர் ஃபேன், 12 வோல்ட்ல முழு வேகம். பெரியப்பா காதுல ஹியரிங் எய்ட் போடறவர். அந்த மெஷினுக்குப் பாட்டையும் ஃபேனையும் முழுசாப் பிரிக்கத் தெரியாது, ரெண்டையும் தூக்கித்தான் கொடுக்கும். "டேய், தம்பூரா மாதிரி இழுத்துக்கிட்டே இருக்குடா. ஆனா சுருதி சேரல"ன்னார். நாலு நாள்ல பாட்டு கேக்கறதையே நிறுத்திட்டார்.

எனக்கு இந்த விஷயத்துல வெறி வந்தது அப்பதான். பொட்டி உயிரோட இருக்கணும், மனுஷனும் பாட்டு கேக்கணும். ரெண்டுல ஒண்ணைத்தான் கொடுப்பேன்னா அந்த வைத்தியமே வேண்டாம்.

முதல்ல ஃபேனே இல்லாம என்ன செய்யலாம்னு பாக்கணும். சூடான காத்து மேல போகும். பழைய ஓட்டு வீட்டுல அடுப்புப் புகைபோக்கியைக் கூரையில வச்சானா, தரையில வச்சானா? அலமாரியிலயும் அதேதான். கீழ்ப்பக்கம் காத்து உள்ள வர ஒரு திறப்பு, பின்பக்க மேல்மூலையில வெளிய போக அதைவிடக் கொஞ்சம் பெரிய திறப்பு. முடிஞ்சா பின்பலகையையே கழட்டிடுங்க, சுவரைப் பாத்து இருக்கறதை யார் எட்டிப் பாக்கப் போறா? பொட்டிக்கு மேல ஒரு சாண் இடைவெளி விடுங்க. செட்டாப் பாக்ஸை ஆம்ப்ளிஃபயர் மேல வைக்காதீங்க, ரெண்டும் சூடு விடற ஜாதி, ஒண்ணை ஒண்ணு வேக வைக்கும். பாதி வீடுகளுக்கு இதுவே போதும்.

போதலைன்னாதான் ஃபேன். அதுலயும் பெருசா, மெதுவா. இதை நான் அடிச்சுச் சொல்வேன். 50 வாட் சூட்டை, அலமாரிக்குள்ள 5 டிகிரிக்கு மேல ஏறாம வெளியேத்த நொடிக்கு சுமார் 8 லிட்டர் காத்து போதும். ஒரு பிளாஸ்டிக் குடத்துல பாதி. இதுக்கு எதுக்குப் புயல்? 120 மில்லிமீட்டர் ஃபேன் சோம்பலா சுத்தினாலே இந்த வேலையை முடிச்சிடும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காத்து பாதியாகும், ஆனா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதி சத்தமாத்தான் தெரியும். இப்படி லாபமான வியாபாரம் வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க? 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட் யூஎஸ்பி சார்ஜர்ல ஓட்டினா வேகம் பாதிக்குக் கிட்ட வந்துடும். சில ஃபேன் 5 வோல்ட்ல கிளம்பவே அடம்பிடிக்கும், வாங்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாத்துடுங்க. ஆஸ்திரியாக்காரனோட நாக்டுவா மாதிரி கம்பெனிகள் 5 வோல்ட்டுக்குன்னே செய்யறாங்க, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

இன்னொண்ணு. ஃபேனை ப்ளைவுட்ல ஸ்க்ரூ போட்டு முறுக்காதீங்க. வீணைக்குக் குடம் என்ன செய்யுதோ அதையே அந்த அலமாரியும் செய்யும். சின்ன அதிர்வை வாங்கி ஹால் முழுக்கப் பாடும். பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி நடுவுல கொடுத்தா அடங்கிடும். பெரியப்பா வீட்டுல பாதி சத்தத்தைக் குறைச்சது அந்த ட்யூப்தான், காசு கொடுத்து வாங்கின ஃபேன் இல்லை.

அப்புறம் எல்லாப் பழியையும் ஆம்ப்ளிஃபயர் மேல போடக் கூடாது. சீலிங் ஃபேன் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை ரெண்டுல வச்சா உறுமுதே, அது என்னன்னு கேட்டிருக்கீங்களா? பழைய வகை ரெகுலேட்டர் கரண்ட் அலையை நறுக்கி நறுக்கி அனுப்பும், மோட்டார் அதுக்கு முனகும். அதே நறுக்கல் சில ஆம்ப்ளிஃபயர்ல "கிர்ர்"னு ஸ்பீக்கர் வழியாவும் வரும். கெப்பாசிட்டர் வச்ச படிநிலை ரெகுலேட்டர் மாத்தினா ரெண்டுமே குறையும். ஆம்ப்ளிஃபயருக்குள்ள இருக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு 100 ஹெர்ட்ஸ்ல முனகும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட ரெட்டிப்பு அது. அதுக்கு ஃபேன் மாத்திப் பிரயோஜனம் இல்லை. வீட்டுல சத்தத்தைத் துரத்தறதுன்னா முதல்ல ஒவ்வொண்ணா அணைச்சுப் பாத்து யார் திருடன்னு கண்டுபிடிக்கணும்.

"டி வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கினா இந்தத் தலைவலியே இல்லையே"ன்னு ஒரு கோஷ்டி வரும். உண்மைதான், முழு சத்தத்துல வாங்கற கரண்ட்ல 90 சதவீதம் வரைக்கும் ஸ்பீக்கருக்கே அனுப்பும், சூடு ரொம்பக் கம்மி. புதுசா வாங்கறவங்க தாராளமா அதை வாங்கலாம். ஆனா அரை லட்சம் கொடுத்து வாங்கின பொட்டி நல்லா இருக்கறப்ப ஓட்டை போட வேண்டியது அலமாரியிலயா, பர்ஸ்லயா? "ஏசி போட்டுட்டா?"ன்னு இன்னொரு கோஷ்டி. ஏசி ஹாலைக் குளிர வைக்கும், சாத்தின அலமாரிக்குள்ள எந்த வழியாப் போகும்?

இதையெல்லாம் விட எனக்கு வந்த நியாயமான எதிர்ப்பு பெரியம்மாவோடதுதான். "திறந்து வச்சா பல்லி உள்ள பூந்துடும்டா." மறுக்க முடியாது. வெதுவெதுன்னு இருக்கற இடம் பல்லிக்கும் எறும்புக்கும் சொர்க்கம், போர்டு மேல பல்லி கருகினா பொட்டி நிஜமாவே போயிடும். கொசுவலை அடிச்சா காத்தைப் பாதி தடுக்கும், தூசி சேர்ந்தா மீதியையும் தடுக்கும். கொஞ்சம் பெரிய கண் வச்ச கம்பி வலையை அடிச்சு, மாசம் ஒரு தடவை பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிவிடறதுன்னு சமாதானம் பேசி முடிச்சோம். குட்டிப் பல்லி வந்தா என்ன செய்யறதுன்னு பேச்சுவார்த்தை இன்னும் நடக்குது.

பி.கு: தூசி தட்டறேன்னு யாரும் பொட்டியோட மூடியைக் கழட்ட வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும். வெளிய இருந்து ஊதினா போதும்.