‘போலி’ என்ற சொல்லும் உடைந்த சுவரும்

‘சூடோ’ என்னும் கிரேக்க முன்னொட்டைத் தமிழ் அறிவியல் நூல்கள் ‘போலி’ என்று பெயர்க்கின்றன. அமீபாவின் போலிக்காலைப் பொறுத்தவரை அதனால் கேடில்லை. இதயத் தமனியில் அரிதாகத் தோன்றும் ‘சூடோஅனியூரிசம்’ அத்தகையதன்று. அதைப் ‘போலிப் புடைப்பு’ என்று கேட்கும் நோயாளிக்குத் தவறான ஆறுதலே கிட்டும்.

மெய்யான புடைப்பில் தமனிச் சுவரின் மூன்று அடுக்குகளும் சேர்ந்து விரிகின்றன. ‘போலி’யிலோ சுவர் உடைந்துவிடுகிறது, வெளியடுக்கோ சுற்றியுள்ள திசுவோ மட்டுமே குருதியைத் தடுத்து நிற்கிறது. பலூன் அல்லது ஸ்டென்ட் சிகிச்சையில் நேரும் காயம், விபத்து, நோய்த்தொற்று ஆகியன இதற்குக் காரணமாகலாம். வெடிக்கும் அபாயம் ‘போலி’க்கே மிகுதி.

மருத்துவர்க்கும் இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. ஆஞ்சியோகிராம் குழாயினுள் ஓடும் சாயத்தின் வடிவையே காட்டும். தமனிக்குள் செலுத்தப்படும் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவி, சுவரடுக்குகள் எங்கே அறுந்துள்ளன என்பதைக் காட்டுகிறது. புடைப்பின் முழு அளவையும் அதனுள் உறைந்த குருதியையும் சி.டி. ஆஞ்சியோகிராம் புலப்படுத்துகிறது.

நோய் அரிதாதலால், சிகிச்சைமுறைகளை ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் இல்லை. தனித்தனி நோயாளர் அறிக்கைகளே வழிகாட்டுகின்றன. உறையிட்ட ஸ்டென்ட் உடைப்பை மூடும். கிளைத் தமனியையும் அது அடைத்துவிடக்கூடும், அதிலேயே குருதி உறையவும் கூடும். உலோகச் சுருளால் புடைப்பை நிரப்புவதும், அறுவையால் அதை நீக்கி பைபாஸ் செய்வதும் பிற வழிகள். சிறிதாய், மாறாதிருப்பதை அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிப்பதும் உண்டு. உறுதியான ஒற்றை விடை இல்லாத இடத்தில் நோயாளியின் ஒப்புதல் கூடுதல் எடை பெறுகிறது.

கர்நாடகத்தின் தென்கோடியில், மாதேசுவரன் மலைக்கு அப்பால் உள்ள பாலாற்றிலிருந்து மைசூருக்குச் சிகிச்சைக்கு வரும் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கன்னடத்தில் ‘ஹுசி’ என்றாலும் தமிழில் ‘போலி’ என்றாலும், இல்லாத ஒன்று என்றே அவர் காதில் விழும். போலிக்காக மறுபடியும் நெடுந்தொலைவு பயணம் எதற்கு என்று அவர் கண்காணிப்பைக் கைவிட்டால், பிழை அவருடையதாகாது.

உலகப் பொதுக் கலைச்சொல்லை மாற்றலாகாது என்பர். மருத்துவ ஆவணத்தில் அது அப்படியே இருக்கட்டும். ஒப்புதல் பெறும் உரையாடலில் ‘சுவர் உடைந்த புடைப்பு’ என்று சொல்வதற்குத் தடை ஏதுமில்லை. கலைச்சொல்லாக்கம் மூலச்சொல்லின் வேரோடு நின்றுவிடாமல், கேட்பவர் அச்சொல்லை நம்பி என்ன முடிவெடுப்பார் என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.