பிழை யாருடையது? தண்டனை யாருக்கு?

வீடியோ விளையாட்டுத் தொழிலைப் பற்றித் தேசீயப் பத்திரிகை ஒன்று தலையங்கம் எழுதப் புகுவது நமது நேயர்களிற் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். சிறுவரும் வாலிபரும் பொழுதைப் போக்கும் ஒரு கருவியைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று அவர்கள் வினவலாம். உலகமெங்கும் இவ்விளையாட்டுக்களுக்காக ஜனங்கள் இன்று செலவிடும் தொகை ஆண்டொன்றுக்குச் சுமார் 18,000 கோடி டாலராகும். சினிமாக் கொட்டகைகளில் வசூலாகும் தொகையைப்போல் இது பன்மடங்கு. இச்செல்வத்தை ஈட்டித் தருபவர்கள் சித்திரக்காரர், கதை எழுதுவோர், இசை வல்லுநர், கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோர், விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துக் குற்றங் குறைகளைக் கண்டு சொல்லும் சோதனையாளர் முதலிய பல்லாயிரம் தொழிலாளர்களே. தொழிலாளர் துன்புறும் இடம் பஞ்சாலையாயினும் சரி, கம்ப்யூட்டர் அறையாயினும் சரி, அத்துன்பத்தின் காரணத்தை ஆராய்வது நமது கடமையாகும்.

துன்பத்தின் அளவை முதலில் நோக்குவோம். 2023-ஆம் ஆண்டில் இத்தொழிலில் வேலை இழந்தோர் சுமார் 10,500 பேர் என்றும், 2024-ல் 14,000 பேருக்கு மேல் என்றும், வெளிவந்த அறிவிப்புக்களைத் தொகுத்தோர் மதிப்பிட்டிருக்கின்றனர். 2023 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் கம்பெனி சுமார் 830 பேரை விலக்கிற்று. 2024 ஜனவரியில் யூனிட்டி கம்பெனி 1,800 பேரையும், ரயட் கம்பெனி 530 பேரையும், மைக்ரோசாப்ட் கம்பெனி தனது விளையாட்டுப் பகுதியில் 1,900 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அடுத்த மாதமே ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் பகுதி 900 பேரை நீக்கி, லண்டனிலிருந்த நிலையத்தையும் மூட முடிவு செய்தது. விளையாட்டு ஆக்குவோரின் வருடாந்தர மகாநாட்டை நடத்துவோர் 2025 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை முடிவில், பதிலளித்தோரில் நூற்றுக்கு 11 பேர் முந்திய பன்னிரண்டு மாதங்களில் தாமே வேலை இழந்ததாகத் தெரிவித்திருந்தனர்.

முதலாளிகள் இதற்குக் கூறும் சமாதானம் யாது? கொள்ளை நோய் பரவிய 2020, 2021-ஆம் ஆண்டுகளில் ஜனங்கள் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தனர், விளையாட்டுக்களின் விற்பனை பெருகிற்று, நாங்களும் ஆட்களைப் பெருக்கினோம், பிறகு ஜனங்கள் வெளியே வந்தனர், விற்பனை தளர்ந்தது, வட்டி விகிதம் உயர்ந்தது, ஆகவே ஆட்குறைப்புத் தவிர்க்க முடியாததாயிற்று என்கின்றனர். மழை பொய்த்தது, பயிர் கருகிற்று என்று குடியானவன் சொல்வது போன்றே இவர்கள் பேசுகின்றனர். இச்சமாதானத்தில் உண்மை சிறிதும் இல்லையென்று நாம் கூறவில்லை. அமெரிக்க மத்திய பாங்கியின் வட்டி விகிதம் 2022-ன் தொடக்கத்தில் ஏறக்குறையப் பூஜ்யமாக இருந்து, 2023-ன் மத்தியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உயர்ந்தது மெய்யே. ஆனால், மழை பெய்வதும் பொய்ப்பதும் குடியானவன் வசத்தில் இல்லை. கடன் மலிந்திருந்த காலத்தில் கண்ட கம்பெனிகளையெல்லாம் விலைக்கு வாங்குவதென்ற தீர்மானமோ, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சில மனிதர்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து செய்ததாகும். சான்றுகள் மூன்றை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, ஸ்வீடன் தேசத்து எம்பிரேஸர் கம்பெனி. சில ஆண்டுகளுக்குள் இக்கம்பெனி பல தேசங்களிலும் விளையாட்டு நிலையங்களை வரிசையாக வாங்கிக் குவித்தது. 2023 மே மாதத்தில், 200 கோடி டாலருக்கு மேற்பட்ட ஓர் ஒப்பந்தம் கைகூடாமற் போயிற்று என்று அது அறிவித்தது. பங்கு விலை ஒரே நாளில் சரிந்தது. அடுத்த மாதம் சிக்கனத் திட்டம் வந்தது. ஆகஸ்டு முடிவில், அமெரிக்காவில் இலினாய் மாகாணத்துச் ஷாம்பெய்ன் நகரில் முப்பதாண்டுகள் நடந்து வந்த வொலிஷன் நிலையம் மூடப்பட்டது. அந்நிலையத்துச் சித்திரக்காரருக்கும் சோதனையாளருக்கும் அவ்வொப்பந்தப் பேச்சில் பங்கு உண்டா? இல்லை. 130 கோடி டாலர் வரை தருவதாக 2021-ல் வாங்கிய கியர்பாக்ஸ் கம்பெனியை எம்பிரேஸர் 2024-ல் 46 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. பேரம் பேசியவர்கள் கணக்கில் பிழை செய்தார்கள். அப்பிழையின் பாரம் பேரமே அறியாதவர்கள் தலையில் இறங்கிற்று.

இரண்டாவது, மைக்ரோசாப்ட். ஆக்டிவிஷன் பிளிஸார்டு என்னும் பெருங் கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு வாங்கும் பேரத்தை அது 2023 அக்டோபரில் முடித்தது. மூன்று மாதமும் சில நாட்களும் செல்லுமுன் 1,900 பேர் நீக்கப்பட்டனர். இப்பேரத்தை எதிர்த்து வழக்காடிய அமெரிக்க சர்க்காரின் பெடரல் டிரேட் கமிஷன், இரு கம்பெனிகளும் தனித்தனியே இயங்கும் என்று கோர்ட்டில் கூறியதற்கு இந்நீக்கம் முரண்பட்டதென்று 2024 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டுக்கு எழுதிற்று. ஆக்டிவிஷன் முன்னமேயே ஆட்குறைப்புக்கு யோசித்திருந்தது என்று மைக்ரோசாப்ட் விடையளித்தது. 2025 மே மாதத்தில் கமிஷன் அப்பீலில் தோற்றது. சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. நியாயத்தின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கின்றது. 2024 மே மாதத்தில் அதே கம்பெனி ஜப்பானிலிருந்த டாங்கோ நிலையத்தை மூடுவதாக அறிவித்தது. அந்நிலையம் 2023-ல் வெளியிட்ட ஹை-பை ரஷ் என்னும் விளையாட்டு விமர்சகரின் பாராட்டையும் பரிசுகளையும் பெற்றது. நன்கு உழைத்தோருக்கு வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் இதனால் தகர்ந்தது. பின்னர்க் கொரியக் கம்பெனியொன்று அந்நிலையத்தை ஏற்றுக்கொண்டது அத்தொழிலாளரின் நற்பேறு. 2025 ஜூலையில் மைக்ரோசாப்ட் தனது எல்லாப் பகுதிகளிலுமாகச் சுமார் 9,000 பேரை நீக்கிற்று. விளையாட்டு நிலையங்களும் தப்பவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பு முடிந்த கணக்காண்டில் அதன் நிகர லாபம் 10,000 கோடி டாலருக்கு மேற்பட்டது. இது நஷ்டத்தில் மூழ்கும் கப்பலினின்று பாரத்தை எறிந்த கதையன்று என்பது வெளிப்படை.

மூன்றாவது, ஸோனி. ஓயாது பணம் பெருக்கித் தரும் இணைய ஆட்டங்களே இனி வேண்டும் என்பது அதன் நிர்வாகிகளின் கொள்கையாயிற்று. அக்கொள்கைக்கு இணங்க, பயர்வாக் என்னும் நிலையத்தை 2023-ல் வாங்கினர். அந்நிலையத்தார் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய கான்கார்டு என்னும் ஆட்டம் 2024 ஆகஸ்டு 23-ஆந் தேதி வெளிவந்தது. வாங்குவார் இன்றிச் செப்டம்பர் 6-ஆந் தேதி திரும்பப் பெறப்பட்டது. அக்டோபரில் நிலையமே மூடப்பட்டது. கொள்கை வகுத்தவர் ஒருவர், கூலி இழந்தவர் மற்றொருவர்.

வேலை இழப்பது எத்தன்மைத்து என்பதை எண்ணிக்கைகள் காட்டா. அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளருக்கு வைத்திய இன்ஷ்யூரன்ஸ் வேலையைப் பற்றியே நிற்பதாகும். வேலை போனால், நோயுற்ற குழந்தையின் மருந்துச் செலவும் தந்தையின் தலையில் விழும். வேலை நிமித்தம் தூர நகரங்களுக்குக் குடியேறியவர்கள் மறுபடி வீட்டைக் காலி செய்து வேறூர் தேட வேண்டும். இத்தொழிலுக்கே உரிய இன்னல் ஒன்றும் உண்டு. ஆக்கப்பட்டு வரும் விளையாட்டைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று தொழிலாளர் எழுதிக் கொடுத்திருக்கின்றனர். பர்பெக்ட் டார்க் என்னும் விளையாட்டின் புதிய ஆக்கம் 2020 டிசம்பரில் விளம்பரப்படுத்தப்பட்டு, 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. இவ்வாறு ஒரு முயற்சி கைவிடப்பட்டால், அதில் ஐந்தாண்டு உழைத்தவன் புதிய முதலாளியிடம் தன் கைத்திறனுக்குச் சான்றாக ஒரு சித்திரத்தைக்கூடக் காட்டத் தயங்க வேண்டியவனாகின்றான். விளையாட்டு வெளிவந்தாலோ, அதற்கு முன் விலக்கப்பட்டவரின் பெயரை ஆக்கியோர் பட்டியலிற் சேர்க்காது விடும் வழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. கூலியோடு பெயரும் போகின்றது.

இவ்வாறன்றி வேறு வழியே இல்லையா என்று கேட்போருக்கு ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியின் வரலாறு விடை கூறும். வீ யூ என்னும் விளையாட்டுக் கருவி அக்கம்பெனி எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. அக்கணக்காண்டில் 90 லட்சம் விற்கும் என்ற மதிப்பை 2014 ஜனவரியில் 28 லட்சமாகக் குறைக்க நேர்ந்தது. அப்பொழுது தலைவராயிருந்த சதோரு இவாதா ஐந்து மாத காலத்துக்குத் தமது சம்பளத்திற் பாதியை விட்டுக் கொடுத்தார். மற்ற டைரக்டர்களும் தத்தம் சம்பளத்தைக் குறைத்துக் கொண்டனர். முந்திய ஆண்டில் பங்குதாரர் கூட்டத்தில் ஆட்குறைப்பைப் பற்றி வினவப்பட்டபோது, வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களால் உலகம் மெச்சும் விளையாட்டை ஆக்க முடியாது என்ற கருத்தை அவர் தெளிவாக்கினார். 2015-ல் அவர் காலமானார். 2017-ல் அக்கம்பெனி வெளியிட்ட ஸ்விட்ச் கருவி 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. கம்பெனியின் கையில் பெருந்தொகை சேமிப்பாக இருந்ததும், ஜப்பானியச் சட்டம் வேலை நீக்கத்தை எளிதாக்காததும் அவருக்குத் துணை நின்றன. அவர்களது ஐரோப்பியக் கிளையில் அதே 2014-ல் ஆட்குறைப்பு நிகழ்ந்ததும் உண்மை. ஆகவே நாம் அக்கம்பெனியைக் குறையற்றதெனப் போற்றவில்லை. பிழைக்குப் பொறுப்பாளியே முதற் சுமையை ஏற்பது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கே அதனைச் சான்றாகக் கொள்கின்றோம்.

சட்டம் இதிற் செய்வது யாது? அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 100 பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளி பெருவாரியாக ஆட்களை நீக்குமுன் 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்கின்றது. அறிவிப்பைத்தான் அது கோருகின்றதேயன்றி, நீக்கத்துக்குத் தக்க காரணம் கேட்பதில்லை. பிரிட்டனில் 20 பேரோ அதற்கு மேற்பட்டவரோ நீக்கப்படுவதாயின் தொழிலாளரின் பிரதிநிதிகளோடு முன்கூட்டிக் கலந்து பேச வேண்டும். சட்டத்தின் துணை இத்தனை மெலிந்திருக்கும்பொழுது, சங்கமே தொழிலாளருக்குப் புகலாகும். விஸ்கான்ஸின் மாகாணத்து ரேவன் நிலையத்தில் 2021 டிசம்பரில் சோதனையாளர் 12 பேரின் வேலை முடிக்கப்பட்டபோது, அவர்தம் தோழர் வேலை நிறுத்தஞ் செய்தனர். 2022 மே மாதத்தில் 19 வாக்குக்கு 3 வாக்காகச் சங்கம் அமைத்தனர். மைக்ரோசாப்டின் ஜெனிமேக்ஸ் பகுதியில் சுமார் 300 சோதனையாளர் 2023 ஜனவரியில் சங்கமாகி, 2025-ல் ஒப்பந்தமும் பெற்றனர். 2025 மார்ச்சில் அமெரிக்காவிலும் கனடாவிலும் எந்தக் கம்பெனியிலிருப்பவரும், வேலை இழந்தவரும்கூடச் சேரத்தக்க பொதுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. கலைஞர் என்றும் வல்லுநர் என்றும் தம்மைத் தனித்தெண்ணியிருந்தோர், தாமும் தொழிலாளரே என்று உணரத் தலைப்பட்டது நற்குறியாகும்.

நமது தேசத்தாருக்கும் இதிற் பங்கு உண்டு. எச்-1பி அனுமதியின் பேரில் அமெரிக்காவில் வேலை செய்வோரில் இந்தியரே மிகுதி. வேலை போனால் அவர்களுக்குள்ள தவணை அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு முதலாளியையோ வேறு அனுமதியையோ தேடாவிட்டால், பள்ளி செல்லும் குழந்தைகளோடு நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அன்றியும், அந்நியக் கம்பெனிகளின் விளையாட்டு நிலையங்கள் புனாவிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருக்கின்றன. தீர்மானம் கடலுக்கு அப்பால் நடக்கும். அதன் விளைவு இங்கே இறங்கும். 2025 நவம்பர் 21-ஆந் தேதி அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியைத் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றோடு நிறுத்திவிட்டது. அவற்றிலுங்கூட, முன்பு 100 பேர் என்றிருந்த வரம்பை 300 ஆக உயர்த்தியிருக்கின்றது. கம்ப்யூட்டர் முன் அமர்ந்து உழைக்கும் இளைஞருக்கு அவ்விதியின் நிழல் கிடையாது.

நாம் வற்புறுத்துவன மூன்று. லாபம் ஈட்டும் கம்பெனி ஆட்களை நீக்குமுன், அதன் தலைவர்களது சம்பளமும் வெகுமதியும் முதலிற் குறைய வேண்டும். பெருங் கம்பெனிகள் பிற கம்பெனிகளை வாங்க அனுமதிக்கும் சர்க்கார்கள், தொழிலாளரின் வேலை குறித்துக் கால வரையறையோடு கூடிய உறுதிமொழியை எழுத்தில் பெற வேண்டும். மீறினால் அபராதமும் விதிக்க வேண்டும். நமது சட்டசபைப் பிரதிநிதிகள், மூளையால் உழைப்போரையும் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர முயல வேண்டும். இம்மூன்றும் தாமாக வந்து சேரமாட்டா. பெங்களூரிலும் சென்னையிலும் இத்தொழிலில் அமர்ந்திருக்கும் வாலிபர்கள், நீக்கக் கடிதம் கையில் வரும்வரை காத்திராது, இன்றே ஒன்று கூடிச் சங்கம் அமைப்பார்களாக. அவர்களுக்கு வேண்டிய துணையை நல்குவது தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரின் கடமையாகும்.