ரீசெட் பட்டனைத் தொடுமுன்...

பி.காம். படித்தவனிடம் போய், 'அக்கவுண்ட்ல ஏதோ கோளாறு ஸார்' என்று சொன்னால், டிரயல் பேலன்ஸ் இடிக்கிறது என்றுதான் நினைப்பான். இப்போதெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் அழப்படும் அக்கவுண்ட் வேறு ரகம். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று யாரோ கொடுத்த யோசனையில் ரீசெட் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. கடைசியில் ஸ்க்ரீன் பளிச்சென்று வந்து, 'தாங்கள் யார்?' என்று கேட்கிறது. மூன்று வருஷம் மடியில் வைத்துக் கொஞ்சிய லேப்டாப் ஸார்!

"தினம் நாலு நம்பர்தானே போடுவேன்? இப்ப தப்புங்குதே!"

அந்த நாலு நம்பருக்குப் பெயர் பின். அது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தம். ரீசெட்டோடு அதுவும் போயிற்று. இப்போது கேட்பது பாஸ்வேர்டு. அது இருப்பது மைக்ரோஸாஃப்டின் பேரேட்டில். வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் பாங்க் லாக்கரைத் திறக்க முடியுமா?

'அக்கவுண்ட்டே வேண்டாம், சும்மா உள்ளே விடு' என்றால் விடாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, ஹோம் எடிஷனில் முதல் நாளிலிருந்தே இன்டர்நெட்டும் அக்கவுண்ட்டும் கேட்கிறது. 2022-லிருந்து ப்ரோ எடிஷனும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டது.

சரி, பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் 'தப்பு' என்கிறது. திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அளவு மீறினால் அக்கவுண்ட்டையே கொஞ்ச நேரம் பூட்டிவிடுவார்கள். கையில் இருக்கும் போனில் பிரவுஸரைத் திறந்து, அதே அக்கவுண்ட்டில் அதே பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். பாங்க் பாஸ்புக்கையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பார்க்கிறோமே, அதே வேலைதான். போனில் திறந்தால் கோளாறு லேப்டாப்பில். போனிலும் திறக்காவிட்டால் கோளாறு அக்கவுண்ட்டில்.

லேப்டாப்பில்தான் என்றால் மூன்று ஆசாமிகள் மேல் சந்தேகம். ஒன்று, கீபோர்டு. ஆரம்பத்தில் 'அமெரிக்காவா, இங்கிலாந்தா?' என்று கேட்கும்போது படிக்காமல் 'எஸ்' தட்டியிருப்பீர்கள். இங்கிலாந்து என்றால் ஷிஃப்ட்டும் 2-ம் அழுத்தினால் 'அட்' குறி வராது, மேற்கோள் குறி வரும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் என்ன அடித்தீர்கள் என்று தெரியும். இரண்டு, வை-ஃபை. ஹாஸ்டல், ஆபீஸ் வை-ஃபை சில சமயம் தனியாக லாகின் கேட்டுக் குறுக்கே நிற்கும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்கள். மூன்று, தேதி. பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி உயிரை விட்டால் காலண்டர் பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பென்றால் பாதுகாப்பான இணைப்பு அமையாது. பயாஸில் போய்த் திருத்த வேண்டும்.

இதெல்லாம் சில்லறைச் சங்கதி. பெரிய தொகை மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

ஆபீஸில் என் நண்பர் ஒருவர். காலேஜில் சேர்ந்தபோது அவருடைய அப்பா வாங்கித் தந்த லேப்டாப். அக்கவுண்ட் ஆரம்பிக்கும்போது கொடுத்த மொபைல் நம்பரும் அப்பாவுடையதே. அப்பா காலமாகி இரண்டு வருஷம். 'இனி யார் பேசப் போறாங்க' என்று அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. ரீசெட் செய்தார். பாஸ்வேர்டு சரி. 'உங்கள் நம்பருக்குக் கோடு அனுப்பியிருக்கிறோம்' என்று வந்தது. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டியது. அப்பாவின் நம்பர்!

துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்துவிட்டுப் பிறகு வேறொருவருக்குத் தருவது நம் ஊர் டெலிபோன் கம்பெனிகளின் வழக்கம். நண்பர் துணிந்து போன் போட்டார்.

"ஸார், உங்க மொபைலுக்கு இப்ப ஒரு கோடு வந்திருக்கும்..."

"யோவ், ஓ.டி.பி.யா கேக்கறே? காலங்காத்தால வேற ஆள் கிடைக்கலியா? 1930-க்கு அடிக்கட்டுமா?"

அந்த மனுஷர் மேல் தப்பே இல்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால், இன்னும் நாலு வார்த்தை திட்ட நினைத்தாரோ என்னவோ, உடனே திரும்பக் கூப்பிட்டார். நண்பரின் ஸ்க்ரீனில் 'அப்பா' என்று ஒளிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

லேப்டாப்புக்கு வழி சுலபம். புது அக்கவுண்ட் ஆரம்பித்தால் விண்டோஸ் உள்ளே விட்டுவிடும். ஆனால், அப்பாவோடு எடுத்த போட்டோக்கள் பழைய அக்கவுண்ட்டின் ஒன்டிரைவில் இருந்தன. அதற்குப் பழைய வாசல்தான். 'இந்த நம்பர் என்னிடம் இல்லை' என்று சொல்லிப் புது நம்பர் கொடுத்தார். முப்பது நாள் காத்திருக்கச் சொன்னது. தினமும் என்னிடம் வந்து எண்ணிக்கை சொல்வார். முப்பது நாள் முடிந்ததும் திறந்தது. அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிட வரவில்லை.

அவராவது தப்பித்தார். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு வைத்து, கோடு வரும் வழி எல்லாவற்றையும் தொலைத்தவர்களுக்கு இந்த முப்பது நாள் கதவும் திறக்காமல் போகலாம். அவர்கள் ரெகவரி கோடை இன்றைக்கே எடுத்துப் பேப்பரில் எழுதி பீரோவில் வைப்பது நல்லது.

செகண்ட் ஹாண்ட் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிச்சி ஸ்ட்ரீட்டோ, வேறு எங்கேயோ... காசை எண்ணுமுன் கடைக்காரரை, "அண்ணே, ரீசெட் பண்ணி, நெட் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயர் வந்து, 'ஆபீஸ் ஐ.டி. கொடு' என்றால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் பெயர் போகாது. ஆப்பிள் மேக் என்றால், பழைய சொந்தக்காரர் தன் அக்கவுண்ட்டிலிருந்து அதை நீக்கினாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் பாஸ்வேர்டு இல்லாமல் உங்களுக்குக் கிடைப்பது அலுமினியத் தட்டு.

ஆகவே, ரீசெட்டுக்கு முன் ஐந்து நிமிஷம். போனில் அக்கவுண்ட்டைத் திறந்து செக்யூரிட்டி பக்கத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் நம்பர் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதா? இரண்டாவதாக ஒரு மெயில் ஐ.டி. இருக்கிறதா? பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியும் பெரும்பாலும் அதே அக்கவுண்ட்டில்தான் இருக்கும். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விட்டால் பாங்க், இன்ஷூரன்ஸ், ரேஷன் கார்டு என்று வரிசையாகப் பெயர் மாற்றுகிறோம். மொபைலை மட்டும் அணைத்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். அடுத்த ரீசார்ஜை விடுமுன், அந்த நம்பரில் வீட்டார் யார் யாருடைய அக்கவுண்ட் தொங்குகிறது என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். எல்லாவற்றையும் மாற்றி முடிக்கிற வரைக்குமாவது அந்த நம்பர் உயிரோடு இருக்கட்டும்.