விநாயகருக்கு உகந்த எருக்கு: மருந்தும் நஞ்சும்

விநாயகர் சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலை இல்லாத வீடு அரிது. ரதசப்தமியில் ஏழு எருக்க இலைகளைத் தலை, தோள் முதலிய இடங்களில் வைத்து நீராடுவது மரபு. விருத்தாசலத்தை அடுத்த திருஎருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கே தல விருட்சம். எளிய எருக்கம்பூவையும் தெய்வங்கள் வேண்டா என்று ஒதுக்குவதில்லை எனப் புறநானூற்றில் கபிலர் பாடியுள்ளார்.

வடமொழியில் இதன் பெயர் அர்க்கம். சூரியனுக்கும் அதுவே பெயர். ஆயுர்வேதம் எருக்கைப் போற்றும் அதே வேளையில், ‘உபவிஷம்’ எனப்படும் நச்சு மூலிகைகளின் வரிசையிலும் வைத்துள்ளது. இவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

எருக்க இலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, இளஞ்சூட்டில் மூட்டுவலிக்கும் வீக்கத்திற்கும் ஒற்றடமிடுவது பழைய கைமுறை. புண் உள்ள இடத்தில் இதைச் செய்யலாகாது. எரிச்சலோ கொப்புளமோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். வேர்ப்பட்டை, பூ, பால் ஆகியவற்றை உரியவாறு சுத்தி செய்து, அளவறிந்து கொடுப்பது கற்றறிந்த வைத்தியரின் பணி. எருக்கில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் உள்ளன. ஆதலால் வீட்டிலேயே கஷாயமிட்டு அருந்துதல் ஆபத்து. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உட்கொள்ளவே கூடாது.

பூப்பறிப்போருக்கு நேரும் இடர் வேறு. காம்பைக் கிள்ளியதும் வடியும் பால் கையில் ஒட்டும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பல வேளைகளில் வலி அதிகம் தெரியாது. வலி இல்லையே என்று வாளாவிருப்பதே பெரும் பிழை. கண்ணில் பால் பட்டால் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடலாகாது. காலத்தே சிகிச்சை பெற்றோர் பெரும்பாலும் பார்வையை மீளப் பெறுகின்றனர்.

பூவை முகத்திற்கு நேரே பிடித்துப் பறிக்காமல், தாழ்த்திப் பிடித்துப் பறிப்பது நன்று. பறித்த பூக்களைப் பால் வடியும்வரை சற்றே வைத்திருந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே மாலை தொடுக்கலாம். தொடுத்த பின்னும் கழுவ வேண்டும். சிறுவரைப் பறிக்க அனுப்பாதிருத்தல் நலம்.

இறைவன் ஏற்கும் மலரெல்லாம் மனிதர் உண்ணும் மருந்தாகிவிடுவதில்லை. எருக்கம்பூ விநாயகரின் திருமேனியில் விளங்கட்டும். அதன் பால் எவர் கண்ணையும் தீண்டாதிருக்கட்டும்.